கண் விழித்ததும் ஏன் இந்தக் கலாட்டா?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

தலையில் ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியும் நேரத்தில் சிலர் துள்ளுகிறார்கள், குழாயைப் பிடுங்குகிறார்கள், கட்டிய மனைவியைப் பார்த்து "நீ யாரு?" என்கிறார்கள். கடலூர், புதுச்சேரி பக்கத்திலிருந்து இதைப் பற்றி வந்த கடிதங்களுக்கு மயக்கவியல் மருத்துவர்களும் நரம்பியல் ஐ.சி.யூ. செவிலியர்களும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

என் அண்ணனுக்கு வயது 46. நெற்றிப் பக்கம் மூளையில் கட்டி. "நல்லபடியா முடிஞ்சுது" என்று டாக்டர் வெளியே வந்து சொன்ன கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரே சத்தம். நாலு பேர் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்தது. ஆபரேஷனில் ஏதாவது கெட்டுப்போய்ப் புத்தி பேதலித்துவிட்டதா? ஒரு தூக்க ஊசி போட்டிருந்தால் இந்தக் கண்றாவியைப் பார்க்க வேண்டியிருந்திருக்காதே?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

புத்தி பேதலிக்கவில்லை அம்மா. மயக்க மருந்து மூளையின் எல்லா இடத்திலிருந்தும் ஒரே நேரத்தில் இறங்குவதில்லை. வலி, இருமல், கை கால் அசைவு இவற்றையெல்லாம் பார்த்துக்கொள்ளும் பகுதிகள் முந்திக்கொள்ளும். "நாம் எங்கே இருக்கிறோம், இவர்கள் யார், சும்மா கிட" என்று நிதானம் சொல்லும் நெற்றிப் பகுதி பிந்தித்தான் வரும். அந்த இடைவெளியில் தொண்டையில் ஒரு குழாய், மூத்திரப்பையில் ஒரு குழாய், மணிக்கட்டில் ஊசி, தலையில் இறுக்கின கட்டு, கண்ணுக்கு நேரே விளக்கு. தப்பித்து ஓடத்தான் உடம்பு பார்க்கும். உங்கள் அண்ணனுக்குக் கத்தி பட்டதே அந்த நெற்றிப் பகுதியில். அங்கே கட்டி எடுத்தவர்களுக்கு இந்தக் கலக்கம் மற்றவர்களைவிட அதிகம். ஆண்கள், வயது குறைந்தவர்கள், புகை பிடிப்பவர்கள், பல மணி நேரம் ஆபரேஷன் நடந்தவர்கள், செவோஃப்ளூரேன் மாதிரி வாயு மருந்தில் மயங்கியிருந்தவர்கள் எல்லாருக்கும் வாய்ப்பு கூடுதல். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும்.

தூக்க ஊசிக்கு வருவோம். பித்தப்பையோ குடலிறக்கமோ என்றால், கொஞ்சம் மருந்து கொடுத்து "தூங்கட்டும்" என்று விட்டுவிடலாம். தலைக்குள் கை வைத்த பிறகு அது முடியாது. மண்டை ஓட்டை மூடிவிட்டார்கள், உள்ளே ரத்தம் கசிகிறதா என்று கண்ணால் பார்க்க வழியில்லை. நோயாளி கண்ணைத் திறக்கிறாரா, சொன்னால் நாக்கை நீட்டுகிறாரா, இரண்டு கையையும் சமமாகத் தூக்குகிறாரா என்பதை வைத்துத்தான் உள்ளே நடப்பதை ஊகிக்க வேண்டும். அப்படிக் கசிந்தால் பெரும்பாலும் முதல் 6 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். அந்த 6 மணி நேரமும் ஆளைத் தூங்க வைத்துவிட்டால், ரத்தக்கட்டால் வந்த தூக்கம் எது, ஊசியால் வந்த தூக்கம் எது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அவரை விழிக்க விட்டதும் சரி, பிடித்துக்கொண்டு நின்றதும் சரி.

அதற்காக "கத்திக்கொண்டே கிடக்கட்டும்" என்றும் விடக் கூடாது. திமிறும்போது ரத்த அழுத்தம் 180, 200 என்று ஏறும். முக்குவதும் இருமுவதும் தலைக்குள் அழுத்தத்தைக் கூட்டும். புதிதாகத் தைத்த இடத்தில் கசிவு வருவதே இப்படித்தான். மேல் அழுத்தம் 140–160க்குள் இருக்க வேண்டும் என்பதுதான் வழக்கமான இலக்கு. அது தாண்டினால் லேபெடலால் போன்ற மருந்தால் இறக்குவார்கள். கூடவே, அவர் ஏன் திமிறுகிறார் என்று தேடுவார்கள். அடுத்த கடிதம் அதைப் பற்றியதுதான்.

நான் கடலூரில் ஸ்டாஃப் நர்ஸ். தலை ஆபரேஷன் கேஸ் ரெகவரியில் (மயக்கம் தெளியும் அறையில்) முரண்டு பிடித்தால் எந்த வரிசையில் பார்க்க வேண்டும்? டியூட்டி டாக்டர் வருவதற்குள் நான் என்ன செய்யலாம்? "டெக்ஸ்" (அமைதிப்படுத்தும் ஒரு மருந்து) ஓடவிட்டால் போதும் என்கிறார்களே?
– வாசகி, மஞ்சக்குப்பம்

போதாது சிஸ்டர். முதலில் காரணம், பிறகு மருந்து. காரணத்தைத் தேடாமல் அமைதிப்படுத்தினால், அமைதியாகவே கெட்டுப்போவார்.

முதலில் மூச்சு. தாடையை உயர்த்தி, ஆக்ஸிஜன் மாஸ்க்கைச் சரியாகப் பொருத்துங்கள். விரல் குளிர்ந்திருந்தாலோ நெயில் பாலிஷ் இருந்தாலோ சாச்சுரேஷன் எண்ணை நம்பாமல் காதில் மாட்டிப் பாருங்கள். ஆக்ஸிஜன் மாஸ்க் இருக்கும்போது எண் 98 காட்டினாலும் கார்பன் டை ஆக்ஸைடு ஏறிக்கொண்டிருக்கலாம். அது ஏறினால் மூளையின் ரத்தக்குழாய்கள் விரிந்து அழுத்தம் கூடும். ஆகவே மூச்சு எத்தனை, எவ்வளவு ஆழம் என்று நெஞ்சைப் பார்த்து எண்ணுங்கள். வாய்விட்டுத் திட்டுகிறவரிடம் ஒரு நல்ல செய்தி உண்டு: மூச்சுப் பாதை திறந்திருக்கிறது. சத்தமே இல்லாமல் புரண்டு, நெஞ்சு உள்ளே போக வயிறு வெளியே வருகிறவரிடம்தான் ஓட வேண்டும்.

அடுத்தது தசை தளர்த்தும் மருந்தின் மிச்சம். இதைத் தவறவிடுகிறவர்கள் நிறைய. நோயாளிக்கு நினைவு வந்திருக்கும், உடம்பு வந்திருக்காது. தரையில் போட்ட மீன் மாதிரி வெட்டி வெட்டித் துள்ளுவார், கை பாதி தூக்கி விழும், தலையை 5 விநாடி தூக்கி வைக்க முடியாது, கண்ணில் பீதி இருக்கும். இதைக் கலாட்டா என்று நினைத்துத் தூக்க மருந்து கொடுத்தால் மூச்சு நின்றுவிடும். நரம்புத் தூண்டல் கருவியில் டி.ஓ.எஃப். விகிதம் (தசை எவ்வளவு மீண்டிருக்கிறது என்று காட்டும் எண்) 0.9க்கு மேல் இருக்க வேண்டும். குறைந்தால் டாக்டர் அந்தத் தளர்ச்சியை முறிக்கும் நியோஸ்டிக்மின் (கிலோவுக்கு 50 மைக்ரோகிராம் வரை), கிளைக்கோபைரோலேட்டோடு சேர்த்துக் கொடுப்பார். ரோகுரோனியமோ வெகுரோனியமோ போட்டிருந்தால் சுகமாடெக்ஸ் கிலோவுக்கு 2 மி.கி. என்ற வழியும் உண்டு. அட்ராகூரியத்துக்கு சுகமாடெக்ஸ் வேலை செய்யாது. மயக்க ஷீட்டில் எது எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். கிளைக்கோபைரோலேட்டுக்குப் பதில் அட்ரோபின் போட்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அட்ரோபின் மூளைக்குள் நுழையும், அதுவே சில வயதானவர்களுக்குக் குழப்பம் கொடுக்கும்.

மூன்றாவது மூளை. ஜி.சி.எஸ். (கண் திறப்பு, பேச்சு, அசைவு வைத்துப் போடும் நினைவு மதிப்பெண்) எவ்வளவு, இரண்டு கண்மணியும் ஒரே அளவா, வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, இரண்டு பக்கமும் கை கால் அசைகிறதா? முன்பைவிட ஜி.சி.எஸ். 2 குறைந்தாலோ, ஒரு கண்மணி விரிந்தாலோ, ஒரு பக்கம் தொய்ந்தாலோ வேறெதுவும் பார்க்காமல் நியூரோ சர்ஜனைக் கூப்பிடுங்கள். சி.டி. அறைக்கும் சொல்லிவிடுங்கள். பி.பி. ஏறிக்கொண்டே போய் நாடி இறங்கினாலும் அதேதான். உதடோ கண் இமையோ ஒரே தாளத்தில் துடிக்கிறதா என்றும் கவனியுங்கள். பெரிதாக வெட்டி இழுக்காத வலிப்பும் உண்டு, அது பார்வைக்கு வெறும் கலக்கம் மாதிரியே இருக்கும்.

நான்காவது விரலில் குத்தி சர்க்கரை. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு வந்து பட்டினி கிடந்தவர்கள் நம் ஊரில் ஏராளம். 70க்குக் கீழே என்றால் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி ஆர்டர் வாங்கி ஏற்றுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள்.

பிறகு யூரின் டியூப். இங்கே கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. மூளை வீக்கம் இறங்க மானிட்டால் கொடுத்திருப்பார்கள், மூத்திரம் கொட்டும். கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றும்போது டியூப் அதில் நசுங்கியிருந்தால் போதும், பை காலியாக இருக்கும், அடிவயிறு கல் மாதிரி புடைத்திருக்கும், ஆள் எழுந்து உட்காரப் பார்ப்பார். டியூபை விரலால் தொடக்கத்திலிருந்து கடைசி வரை தடவிக்கொண்டே போங்கள். டியூப் நன்றாக ஓடினாலும், அது உள்ளே இருப்பதே "ஒண்ணுக்கு வருது, விடுங்க" என்று ஆண்களைப் படுத்தும். "டியூப் போட்டிருக்கு, அப்படியே போயிடும், எழுந்திருக்க வேண்டாம்" என்று காதருகே ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்வது பாதிப் பேருக்கு வேலை செய்கிறது.

வலி, குளிர் இரண்டையும் மறக்காதீர்கள். மூளைக்கு வலி தெரியாது, மண்டைத் தோலுக்கு நன்றாகத் தெரியும். "தலை ஆபரேஷனில் வலி கம்மி" என்பது பழைய எண்ணம். முதல் இரண்டு நாள் பலருக்கும் நடுத்தரத்துக்கு மேலேயே வலி இருக்கிறது. தியேட்டரிலேயே புருவத்துக்கு மேலும், பொட்டிலும், காதுக்கு முன்னும், பிடரியிலும் நரம்புகளைச் சுற்றி மரப்பு மருந்து போட்டிருந்தால் விழிப்பு அமைதியாக இருக்கும். இல்லையென்றால் பாராசிட்டமால் 1 கிராம் டிரிப்ஸ் 6 மணிக்கு ஒரு முறை. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம் தாண்டக் கூடாது, எடை 50 கிலோவுக்குக் கீழே என்றால் கிலோவுக்கு 15 மி.கி. கணக்கு. உடம்பு 36 டிகிரிக்குக் கீழே இருந்தால் நடுக்கமே கலக்கமாகத் தெரியும். போர்த்துங்கள், சூடாக்குங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் "டெக்ஸ்". டெக்ஸ்மெடிடோமிடின் நல்ல மருந்து. மூச்சைப் பெரிதாக அமுக்காது, கூப்பிட்டால் கண்ணைத் திறந்து சொன்னதைச் செய்வார். தலை ஆபரேஷனுக்கு அது பொருந்துவதே அதனால்தான். 200 மைக்ரோகிராம் உள்ள 2 மில்லி ஆம்பூலை 48 மில்லி சலைனில் கலந்தால் ஒரு மில்லியில் 4 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு மணிக்குக் கிலோவுக்கு 0.4 என்றால் 24 மைக்ரோகிராம், அதாவது மணிக்கு 6 மில்லி. வழக்கமான வரம்பு 0.2 முதல் 0.7 வரை. லோடிங் டோஸ் (தொடக்கத்தில் ஒரேயடியாக ஏற்றும் அளவு) இந்த நோயாளிகளுக்கு வேண்டாம் என்பது எங்கள் கருத்து. வேகமாக ஏற்றினால் சற்று நேரம் பி.பி. ஏறி நாடி இறங்கும். மூளை அழுத்தம் கூடினாலும் அதே படம்தான் மானிட்டரில் வரும். எதனால் என்று தெரியாமல் திணற வேண்டாம். நாடி 50க்குக் கீழே போனால் பம்பைக் குறைத்து டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மிடசோலம் ஆளை மழுங்கடிக்கும், வயதானவர்களுக்குக் குழப்பத்தை நீட்டும். ஹாலோபெரிடால் வலிப்பு வரும் வாசலைத் தாழ்த்தும், இ.சி.ஜி.யில் க்யூ.டி. என்ற இடைவெளியை நீட்டும். இரண்டுமே இங்கே கைக்கு வந்ததும் போடும் மருந்துகள் அல்ல. எந்த மருந்து போனாலும் போடுவதற்கு முன்பும் பின்பும் ஜி.சி.எஸ்., ராஸ் (கலக்கத்தையும் தூக்கத்தையும் அளக்கும் அளவுகோல்) எண்களை நேரத்தோடு எழுதுங்கள். ராஸில் 0 என்றால் அமைதி, கூட்டல் 4 என்றால் அடிதடி, கழித்தல் 5 என்றால் எதற்கும் அசைவில்லை. "நோயாளி அமைதியின்றி உள்ளார்" என்ற ஒற்றை வரியை வைத்து அடுத்த டூட்டிக்கு வருகிறவர் ஒன்றும் செய்ய முடியாது.

அப்பாவின் இரண்டு கையையும் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள். மனசே ஆறவில்லை. இப்படிச் செய்யலாமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

சில நேரம் செய்ய வேண்டியிருக்கும். மூளைநீர் வடிய தலையிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வைத்திருந்தால் ஒரு இழுப்பில் பெரிய ஆபத்து. யூரின் டியூபின் உள்முனையில் 10 மில்லி தண்ணீர் நிரப்பிய பலூன் இருக்கும். அதோடு பிடுங்கினால் மூத்திரப் பாதை கிழியும். ஆனால் கட்டுவது கடைசி வழி. கட்டினால் திமிறல் கூடும், பி.பி. ஏறும். பஞ்சு வைத்த கையுறை பல பேருக்குப் போதும், விரல் எதையும் பற்ற முடியாது, கையை அசைக்கலாம்.

கட்டியே ஆக வேண்டுமென்றால் நீங்கள் கேட்கக்கூடிய, கேட்க வேண்டிய விஷயங்கள் இவை. டாக்டரின் எழுத்து ஆர்டர் இருக்கிறதா, எத்தனை மணி நேரத்துக்கு? பஞ்சு வைத்த பட்டையா, வெறும் காஸ் துணியா? (காஸ் துணி திமிறத் திமிற இறுகும், தோலை அறுக்கும்.) பட்டைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா? மேலும் கீழும் போகும் பக்கக் கம்பியில் கட்டாமல் கட்டிலின் சட்டத்தில் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போட்டிருக்கிறார்களா? விரல் நீலமாகவோ குளிர்ந்தோ இருந்தால் உடனே சொல்லுங்கள். நெஞ்சுக்குக் குறுக்கே கட்டுவது கூடவே கூடாது. குறைந்தது 2 மணிக்கு ஒரு தடவையாவது அவிழ்த்து, கையை மடக்கி நீட்டி, "இன்னும் தேவையா?" என்று பார்க்க வேண்டும். ஐ.சி.யூ.வில் அனுமதித்தால் கட்டின கையை நீங்கள் பிடித்துக்கொண்டு உட்காருவதாகச் சொல்லிப் பாருங்கள். பல சிஸ்டர்கள் சந்தோஷமாக அவிழ்த்துவிடுவார்கள்.

என் வீட்டுக்காரருக்கு மூளை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். தினமும் குடிப்பார். டாக்டரிடம் சொன்னால் ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. மூன்று நாள் முன்னாடி நிறுத்தச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும் இல்லையா?
– வாசகி, பாகூர்

சரியாகாது, அதுதான் ஆபத்து. கணக்கைப் பாருங்கள். தினமும் குடிக்கிறவர் நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு. 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் கடுமையான பிதற்றல் வரலாம்: சுவரில் பூச்சி ஓடுவதாகச் சொல்வார், இல்லாத ஆளோடு பேசுவார், காய்ச்சல், நாடி 120க்கு மேல். நீங்கள் சொல்கிற மாதிரி மூன்று நாள் முன்பு நிறுத்தினால் அது சரியாக மயக்கம் கொடுக்கும் நாளில் வந்து நிற்கலாம். அட்மிஷன் அன்று நிறுத்தினால் ஆபரேஷனுக்கு மறுநாள் வரலாம். அப்போது ஐ.சி.யூ.வில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ரத்தக்கசிவா, வலிப்பா, உப்புக் குறைவா என்று ராத்திரியில் ஆளை சி.டி.க்கும் வார்டுக்குமாகத் தூக்கி ஓடுவார்கள். குடியால் வந்த கலக்கத்துக்கு லோராசிபாம் போன்ற மருந்துதான் சிகிச்சை. மற்ற நோயாளிகளுக்கு நாங்கள் தள்ளி வைக்கும் அதே வகை மருந்து இங்கே உயிர் காக்கும். காரணம் தெரிந்தால்தான் தைரியமாகப் போட முடியும்.

ஆகவே மயக்க டாக்டர் பார்க்க வரும் அன்றே, வீட்டுக்காரர் இல்லாத நேரம் பார்த்தாவது சொல்லிவிடுங்கள். "கொஞ்சம் சாப்பிடுவார்" என்றால் எங்களுக்கு ஒன்றும் புரியாது. கட்டிங்கா, குவார்ட்டரா, ஆஃபா? பிராந்தி வகையில் ஒரு குவார்ட்டர் 180 மில்லி, அதில் சுத்தமான ஆல்கஹாலே சுமார் 60 கிராம். சாராயமோ கள்ளோ குடிப்பவர் என்றால் எத்தனை கிளாஸ்? காலையிலேயே தேவைப்படுகிறதா? கடைசியாக எப்போது குடித்தார், மணி உட்பட? முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா? ஹான்ஸ், கூல் லிப், பீடி எத்தனை? புகையிலை நின்றாலும் எரிச்சலும் அமைதியின்மையும் வரும்.

அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் முன்னதாகவே சேர்த்து, மருந்துப் பாதுகாப்போடு நிறுத்த வைத்து, பிறகு தியேட்டருக்கு எடுத்துப் போவார்கள். அவசரம் என்றால் குடிக்கிறார் என்பதற்காக நிறுத்த மாட்டார்கள், ஏற்பாடு செய்துகொண்டு செய்வார்கள். தயமின் ஊசி, அதாவது வைட்டமின் பி1, சர்க்கரை டிரிப்ஸுக்கு முன்னால் போக வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டில் ஒன்று. பி1 வற்றிப்போன உடம்பில் வெறும் டெக்ஸ்ட்ரோஸை ஏற்றினால் கண் அசைவும் நடையும் நினைவும் கெடும் ஒரு மூளை நோய் வரலாம்.

மாமனார் சொல்தா பென்ஷன் (பிரெஞ்சு ராணுவ பென்ஷன்) வாங்குகிறவர், வயது 78. ரத்தக்கட்டு எடுத்த பிறகு கண் விழித்தவர் பிரெஞ்சிலேயே பேசினார், சத்தம் போட்டார். சிஸ்டர்கள் தமிழில் சொன்னது எதுவும் ஏறவில்லை. மறுநாள் மதியம் தமிழுக்கு வந்துவிட்டார். இது என்ன கூத்து?
– வாசகி, முத்தியால்பேட்டை

மயக்கம் தெளியும்போது இரண்டாம் மொழியிலேயே நின்றுவிடுகிறவர்கள் அரிதாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். தானாகவே சரியாகிவிடும். ஆனால் தலை ஆபரேஷனுக்குப் பிறகு அப்படி என்று முடிவு கட்டும் முன், பேச்சுப் பகுதி பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இடது பக்க ஆபரேஷன் என்றால் கண்டிப்பாக. இரண்டு மொழி தெரிந்தவருக்கு ஒரு மொழி மட்டும் போவதும், ஒன்று முன்னதாகத் திரும்புவதும் உண்டு. பேனாவைக் காட்டிப் பெயர் கேட்டால் எந்த மொழியிலாவது சரியாகச் சொல்கிறாரா? சொன்னால் கவலை குறைவு. இரண்டிலும் தடுமாறினால், அல்லது வார்த்தைகள் கலைந்து வந்தால், ஸ்கேன்.

இன்னொரு விஷயம், சிஸ்டர் தமிழில் "கையைத் தூக்குங்க" என்று சொல்லி அவர் தூக்காவிட்டால் சார்ட்டில் "கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை" என்று ஒரு மதிப்பெண் குறையும். இல்லாத பிரச்சினைக்கு ஸ்கேன் அறைக்குப் போவார். புதுச்சேரிக்காரர்கள் கேஸ் ஷீட்டிலேயே மொழிகளை எழுதச் சொல்லுங்கள். 'உவ்ரே லே ஸியூ' என்றால் கண்ணைத் திறங்க, 'செரே மா மேன்' என்றால் என் கையை அழுத்துங்க. தமிழ் எழுத்தில் ஒரு சீட்டில் எழுதித் தலைமாட்டில் ஒட்டினால் நைட் டூட்டி சிஸ்டருக்குப் பெரிய உதவி. அவர் காது கேட்கும் கருவி வைத்திருந்தால் அதையும் கண்ணாடியையும் ரெகவரிக்கே அனுப்புங்கள். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று வீட்டுப் பையில் வைத்திருக்கும் காது மெஷினால் யாருக்கும் பயனில்லை.

தங்கைக்கு மூக்கு வழியாகப் பிட்யூட்டரி (மூளைக்கு அடியில் உள்ள சுரப்பி) கட்டி எடுக்கப் போகிறார்கள். ரொம்பப் பயந்த சுபாவம். என்ன சொல்லித் தயார்படுத்துவது?
– வாசகி, பரங்கிப்பேட்டை

விழிக்கும்போது இரண்டு மூக்கும் அடைத்திருக்கலாம், வாயால்தான் மூச்சு விட வேண்டும் என்று சொல்லுங்கள். தெரியாமல் விழிப்பவர்கள் மூச்சு முட்டுவதாக நினைத்து அடைப்பைப் பிடுங்குவார்கள். ஒரு வாரம் முன்பிருந்தே தினம் நாலைந்து தடவை மூக்கைக் கிள்ளிக்கொண்டு ஐந்து நிமிடம் வாயால் மூச்சு விட்டுப் பழகட்டும். மூக்கைச் சிந்தக் கூடாது, முக்கக் கூடாது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு மாஸ்க்கை அழுத்திக் காற்று ஊதுவதையும் தவிர்ப்பார்கள், காற்று மண்டைக்குள் ஏறிவிடும். அதனால் அவர் தானாக, நிதானமாக மூச்சு விடுவது மற்ற ஆபரேஷன்களைவிட இங்கே முக்கியம்.

விழித்தபோது பேசினதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்குமா? என்னைத் திட்டின வார்த்தை என் காதிலேயே இருக்கிறது.
– வாசகி, அரியாங்குப்பம்

பெரும்பாலும் இருக்காது. மனதில் வைத்திருந்ததை மயக்கத்தில் கொட்டிவிட்டார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கோபித்துக்கொண்டு விசாரிக்கவும் வேண்டாம்.

தலையில் ரத்தக்குழாய் வெடித்து கிளிப் போட்டார்கள். அம்மா விழித்தபோது நன்றாகத்தான் இருந்தார். நாலாம் நாள் ராத்திரி திடீரென்று குழப்பம், எழுந்து ஓடப் பார்த்தார். மயக்க மருந்து இன்னும் இறங்கவில்லையா? தெம்புக்கு நாங்கள் இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தோம்.
– வாசகர், சிதம்பரம்

நாலு நாளைக்கு மயக்க மருந்து நிற்காது. தெளிவாக இருந்து பிறகு குழம்புவது வேறு கதை, அதை உடனே சொல்ல வேண்டும். இந்த நோயில் மூன்றாம் நாளுக்குப் பிறகு இரண்டு விஷயங்களைத் தேடுவார்கள். ஒன்று, மூளை ரத்தக்குழாய் சுருங்குவது. நாலாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை அதன் காலம். இன்னொன்று ரத்தத்தில் சோடியம் இறங்குவது. 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது 125க்கு வந்தால் குழப்பம், இன்னும் இறங்கினால் வலிப்பு. காய்ச்சல், மூளைநீர் தேங்குவது, தூக்கமில்லாத ஐ.சி.யூ. ராத்திரிகள் எல்லாமும் பட்டியலில் உண்டு.

இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் கொஞ்சம்தான். ஆகவே குறைந்த உப்பை அது ஏற்றாது. அதற்காகத் தண்ணீரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இந்த நோயில் உடம்பு வற்றினால் ரத்தக்குழாய் சுருக்கம் மோசமாகும். கெட்டியான உப்பு டிரிப்ஸ் மெதுவாக ஏற்றுவார்கள். 24 மணி நேரத்தில் 8 முதல் 10 புள்ளிக்கு மேல் ஏற விடக் கூடாது, வேகமாக ஏற்றினால் மூளைத் தண்டு பாதிக்கும். "ஏன் இன்னும் சரி பண்ணவில்லை" என்று அவசரப்படுத்தாதீர்கள்.

கட்டி எடுத்து வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார், ராத்திரி தூங்குவதில்லை, பிள்ளைகள் கிட்டேயே போவதில்லை. ஆபரேஷன் அன்று வந்த அந்தக் கலக்கம் இன்னும் போகவில்லையா?
– வாசகி, பண்ருட்டி

அது அன்றோடு போய்விட்டது. இப்போது மாத்திரைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். வலிப்பு வராமல் இருக்க லெவிடிராசிட்டம் கொடுத்திருப்பார்கள், பெரும்பாலும் 500 மி.கி. இரண்டு வேளை. எரிச்சலும் கோபமும் அதன் தெரிந்த பக்கவிளைவு. வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன் கொடுத்திருந்தால் அது தூக்கத்தைக் கெடுக்கும், சர்க்கரையை ஏற்றும், சிலரைப் படபடக்க வைக்கும். மாலை டோஸை மதியத்துக்கு நகர்த்த முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இரண்டையுமே நீங்களாக நிறுத்தக் கூடாது. முதலாவதை நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டாவதைப் படிப்படியாகக் குறைக்காமல் நிறுத்தினால் பி.பி. சரிந்து ஆள் துவண்டுவிடுவார். லெவிடிராசிட்டத்துக்கு மாற்று மருந்துகள் இருக்கின்றன. கோபம் அதனால்தான் என்று தெரிந்தால் மாற்றிவிடுவார்கள், சில நாளிலேயே வித்தியாசம் தெரியும். தற்கொலைப் பேச்சு வந்தால் அடுத்த ரிவ்யூ தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

மருந்தெல்லாம் சரியாக்கியும் மாறவில்லை என்றால், கட்டி இருந்த இடமும் காரணமாகலாம். நெற்றிப் பகுதியில் ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பொறுமையும் அடக்கமும் திரும்ப மாதங்கள் ஆகலாம், கொஞ்சம் மிச்சம் நிற்கவும் செய்யலாம். அதற்கும் பயிற்சி சிகிச்சை உண்டு, கேளுங்கள்.

காலையில் தலைவலியோடு வாந்தி, எழுப்ப எழுப்ப மீண்டும் தூங்குவது, காய்ச்சல், தையலிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி வடிவது, புதிதாகக் கை கால் தொய்வு, 5 நிமிடத்துக்கு மேல் வலிப்பு: இதில் எது வந்தாலும் 108. வலிப்பின்போது ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், சாவி கொடுக்காதீர்கள். ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கே கொண்டுபோக முடியாவிட்டாலும் டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ஸ்கேன், இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள் மூன்றும் கையில் இருந்தால் எந்த எமர்ஜென்சியிலும் நேரம் மிச்சமாகும்.